அலைவரிசைகள் பெருகும், ஜொகூர் பேசுமா?

மலாயாவில் வானொலி தொடங்கியது ஜொகூரில். மாநில அரசில் மின்பொறியாளராக இருந்த ஏ.எல்.பர்ச் 1921-இல் நாட்டுக்குள் முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பிறகு ஜொகூர் வானொலி ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பைத் தொடங்கினார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதே போன்ற சங்கங்கள் முளைத்தன. 1934-இல் பினாங்குச் சங்கம் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. தலைநகரத்தின் ஆணையில்லாமல், ஊர்க்காரர்களின் ஆர்வத்தில் பிறந்த ஊடகம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. 1959-இல் கூட்டரசின் ஒலிபரப்பு கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. அன்றிலிருந்து ஜொகூர் பெரும்பாலும் கேட்கும் மாநிலமாகவே இருந்துவருகிறது.

இப்போது டிஜிட்டல் வானொலி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது உள்ளூர்க் குரல்களுக்கு வழி திறக்கும் என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. அலைவரிசைகளின் எண்ணிக்கை கூடும் என்பதில் சந்தேகமில்லை. கூடுகிற அலைவரிசைகள் எந்த ஊரிலிருந்து பேசும் என்பதைத் தொழில்நுட்பம் முடிவுசெய்வதில்லை. உரிமமும் கட்டணமும் ஒதுக்கீடும்தான் முடிவுசெய்கின்றன. ஜொகூரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகவே விளங்கும்.

மாநிலத்தின் பரப்பளவு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 40 லட்சம் பேர். ஜொகூர் பாருவுக்கும் சிகாமட்டுக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மேற்குக் கரையில் மூவார், பத்து பகாட், பொந்தியான்; கிழக்கே மெர்சிங், கோத்தா திங்கி; நடுவே குளுவாங், கூலாய். ஒவ்வொன்றுக்கும் தனி வாழ்க்கை, தனிப் பிரச்சினை. இந்த மாநிலத்தின் பெயர் சொல்லி ஒலிப்பது அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் ஜொகூர் எஃப்எம். அது மலாய் மொழி நிலையம். தனியார் துறையில் சுவாரா ஜொகூர் நிறுவனம் 1988-இல் தொடங்கிய பெஸ்ட் 104, மலேசியாவின் தனியார் வானொலி வரலாற்றின் தொடக்க அத்தியாயம். அதுவும் மலாய் நிலையம்தான். வளர வளர அதன் பார்வையும் ஜொகூருக்கு வெளியே நீண்டது. விளம்பரச் சந்தை கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் குவிந்திருக்கும் நாட்டில் இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

ஏறத்தாழ இரண்டரை லட்சம் இந்தியர்கள் வாழும் ஜொகூரில், தமிழ் கேட்பவருக்கு எஃப்எம்மில் மூன்று கதவுகள் உண்டு. ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம், தனியார் நிறுவனமான ஆஸ்ட்ரோவின் ராகா, நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் சிங்கப்பூரின் ஒலி 96.8. முதல் இரண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தயாராகின்றன. மூன்றாவது வேறொரு நாட்டுடையது. ஜொகூர் பாரு பாலத்தில் நெரிசலில் நிற்கும் தமிழருக்கு உட்லண்ட்ஸ் பக்கத்து நிலவரத்தைச் சிங்கப்பூர் அறிவிப்பாளர் தமிழில் சொல்லக்கூடும். தெப்ராவ் நெடுஞ்சாலையில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல ஜொகூரில் முழுநேர எஃப்எம் நிலையம் ஒன்றும் கிடையாது. கூட்டரசுப் பிரதேசத்து நெரிசலைப் பற்றி மட்டும் காலையில் விரிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

டிஜிட்டல் வானொலி என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சங்கதிகள் உலவுகின்றன. முதலாவது, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியுள்ள டிஏபி பிளஸ் என்ற தரைவழி டிஜிட்டல் ஒலிபரப்பு. இதற்குத் தனி வானொலிப் பெட்டி வேண்டும். மலேசியாவில் ஆர்டிஎம் இதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் சோதித்துப் பார்த்தது. நாடு தழுவிய சேவையாக அது வளரவில்லை. இரண்டாவது, தொலைக்காட்சி வழியே வரும் வானொலி. 2019 அக்டோபர் 31-இல் அனலாக் தொலைக்காட்சி நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட பிறகு, மைடிவி நிறுவனத்தின் மைஃப்ரீவியூ டிஜிட்டல் தொலைக்காட்சிச் சேவையில் படத்தோடு ஆர்டிஎம் வானொலிகளும் வருகின்றன. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் வழியாக அதே வேலையை முன்பிருந்தே செய்துவருகிறது. மூன்றாவது இணையம்: ஆர்டிஎம் கிளிக், ஆஸ்ட்ரோவின் சியோக் போன்ற செயலிகள். ஜொகூரில் உண்மையில் விரிந்திருப்பது இரண்டாவதும் மூன்றாவதும். கொள்கை விவாதத்தில் பேசப்படுவது பெரும்பாலும் முதலாவது. இந்தக் குழப்பத்தால், ஒன்றின் நன்மையை மற்றொன்றின் கணக்கில் எழுதும் வழக்கம் வந்துவிட்டது.

டிஏபி பிளஸ் இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளூர் வானொலியின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. எஃப்எம்மில் ஒரு நிலையத்துக்கு ஓர் அலைவரிசை, ஒரு டிரான்ஸ்மிட்டர். தன் ஊருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு திறனில் அது ஒலிபரப்பிக்கொள்ளலாம். டிஏபியில் 1.536 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொகுதிக்குள் பல நிலையங்கள் ஒன்றாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. வழக்கமான பாதுகாப்பு அளவில் அந்தத் தொகுதி நொடிக்கு 1,152 கிலோபிட் சுமக்கும். ஒரு நிலையத்துக்கு 64 கிலோபிட் என்று பிரித்தால் 18 நிலையங்கள். ஒரே கோபுரம், ஒரே மின்கட்டணம், 18 நிலையங்களின் பங்கு. தேசிய வானொலிகளுக்கு இது கொள்ளை லாபம். மேலும், ஒரு பெரும் பரப்பில் எல்லாக் கோபுரங்களும் ஒரே அலைவரிசையில் ஒரே தொகுதியை அனுப்பலாம்; காரில் போகிறவர் மூவாரிலிருந்து மெர்சிங் வரை நிலையத்தை மாற்றவே வேண்டாம்.

உள்ளூர் நிலையத்துக்கு இதுவே சிக்கல். தொகுதி மாநிலம் முழுவதும் போகிறது என்றால் அதில் ஏறும் ஒவ்வொரு நிலையமும் மாநிலம் முழுவதும் போக வேண்டும். பத்து பகாட் நகரத்துக்காக மட்டும் பேச விரும்பும் சிறு நிலையம், தனக்குத் தேவையே இல்லாத கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டும். கட்ட முடியாதவர் ஏறுவதில்லை. காலியாகும் இடத்தைத் தலைநகரத்துப் பாட்டு அலைவரிசைகள் நிரப்பும்: எண்பதுகளின் பாடல், காதல் பாடல், பக்திப் பாடல். இப்படித்தான் 18 அலைவரிசைகள் வந்தும் உள்ளூர் வானொலி ஒன்றுகூட வராமல் போவது சாத்தியமாகிறது. தொகுதியை நடத்தும் நிறுவனம் யாரை ஏற்றுவது, என்ன கட்டணம் வாங்குவது என்று தீர்மானிக்கும் வாயிற்காவலராகவும் ஆகிவிடுகிறது. தொலைக்காட்சியில் இதே அமைப்பு மலேசியாவில் ஏற்கெனவே உண்டு. பொது உள்கட்டமைப்பை மைடிவி என்ற ஒரே நிறுவனம் நடத்துகிறது; நிலையங்கள் அதன் வழியே வருகின்றன. டிஜிட்டல் தொலைக்காட்சி வந்ததால் மக்களுக்குப் படம் தெளிவானது, அலைவரிசைகள் கூடின, வசதி குறைந்த குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. ஜொகூருக்கென ஒரு தொலைக்காட்சி அதனால் பிறந்துவிடவில்லை.

பாலத்துக்கு அப்பால் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் மீடியாகார்ப் 1999-இல் ஸ்மார்ட்ரேடியோ என்ற பெயரில் டிஏபி சேவையைத் தொடங்கியது. தென்கிழக்காசியாவுக்கே அது முன்னோடி. தீவு சிறியது, மக்கள் வசதியானவர்கள், அரசின் ஆதரவும் இருந்தது. இருந்தும் பெட்டி வாங்கியவர்கள் குறைவு; எஃப்எம் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்த ஊரில் புதிய பெட்டிக்குக் காசு கொடுக்கக் காரணம் கிடைக்கவில்லை. 2011-இல் சேவை மூடப்பட்டது. ஜொகூர் பாருவில் அதே ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள், அங்கே இல்லாத எது இங்கே இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு பதில் இருக்கிறது: அங்கே புதிய சேவையில் புதிய நிகழ்ச்சி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இங்கே உள்ளூர் நிகழ்ச்சிக்குப் பசி இருக்கிறது. அந்தப் பசியைத் தீர்க்கும் சேவையாக வந்தால் பெட்டிக்குத் தேவை பிறக்கலாம்.

பசி என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். மாணவர்கள் மயங்கி விழுந்தார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. பாசிர் கூடாங், மாசாய் பக்கம் கணிசமான தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வாரத்தில் ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியிருந்தவை மிகச் சின்ன விஷயங்கள்: எந்தப் பள்ளி மூடியிருக்கிறது, எந்தக் கிளினிக்கில் பரிசோதிக்கிறார்கள், காற்று எந்தத் திசையில் வீசுகிறது, ஜன்னலைத் திறக்கலாமா. தேசிய வானொலியின் மணிச்செய்தியில் இத்தனைக்கும் இடம் கிடையாது. கோத்தா பாரு நேயருக்கோ ஈப்போ நேயருக்கோ அவற்றால் பயனில்லை. விளைவு, வாட்ஸ்அப்பில் வந்ததை நம்ப வேண்டிய நிலை. வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

வெள்ளமும் அப்படித்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு அலைகளாக வந்த வெள்ளம் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000-க்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். பத்து பகாட்டில் நீர் வடியப் பல நாள் ஆனது. வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம். அதன் பின்னால் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி. அப்போது செயலியும் இல்லை, மைஃப்ரீவியூவும் இல்லை. இரண்டு பேட்டரி போட்ட எஃப்எம் பெட்டியும், காரின் வானொலியும் மட்டும் பேசும். குனோங் புலாய், குனோங் லேடாங் மலைகளில் நிற்கும் கோபுரங்கள் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. எஃப்எம்மில் சமிக்ஞை பலவீனமானால் இரைச்சலோடாவது குரல் கேட்கும். டிஜிட்டலில் ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் சட்டென்று மௌனம். செம்பனைத் தோட்டத்தின் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

டிஏபி பிளஸுக்கும் இங்கே ஒரு துருப்புச்சீட்டு உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. உறங்கும் நிலையில் இருக்கும் பெட்டியையே எழுப்பி, குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் எச்சரிக்கையை உரத்துச் சொல்லும் வசதி அதன் தரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை எழுத்திலும் பல மொழிகளில் வரலாம். நள்ளிரவில் ஆறு கரையுடைக்கும்போது, லாபிஸ் பக்கத்து வீட்டில் தமிழில் ஒரு குரல் எழுப்பிவிடுமானால் அதன் மதிப்பு பெரிது. ஆனால் அதற்கு வீட்டில் அந்தப் பெட்டி இருக்க வேண்டும். கோபுரத்துக்குப் பின்னால் அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதிப் பேச, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் பணியில் இருக்க வேண்டும். இரண்டாவது முதலாவதைவிடக் கடினம்.

தோட்டங்களுக்கும் வானொலிக்கும் நெடுநாள் உறவு. அவசரகாலத்தில், அதாவது 1948-இலிருந்து 1960 வரை, அரசு புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம்தான் நோக்கம். நோக்கம் எதுவானாலும், வேலை முடிந்து வந்த தோட்டப் பாட்டாளிகள் கூடிக் கேட்ட தமிழ்க்குரல் அது. பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. நேயர் விருப்பமும் நாடகமும் இரங்கல் அறிவிப்பும் குடும்பத்தின் அன்றாடத்தில் கலந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஸ்கூடாய், மாசாய், கூலாய் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த பின், ஒரே தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் பல இடங்களில் சிதறினார்கள். அவர்களை இணைக்கும் ஊர்ச்செய்தி அச்சிலும் மெலிந்துவிட்டது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. எஞ்சியிருக்கும் நாளிதழ்கள் ஜொகூருக்கு ஒதுக்கும் இடத்தைக் கொண்டு சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளின் நடப்பைச் சொல்லி முடிக்க முடியாது. பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழாவுக்காகச் சாலை மூடுவது, மருத்துவமனையில் தமிழ் பேசும் தாதியர் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பது, தோட்டத்து வீட்டுரிமை வழக்கின் அடுத்த தவணை: இவையே உள்ளூர்ச் செய்தி.

இணையம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் எஃப்எம் நிலையம் நடத்த உரிமமும் அலைக்கற்றை ஒதுக்கீடும் வேண்டும்; இணையத்தில் ஒலிக்க அந்தத் தடைகள் இல்லை. ஒரு மைக், ஒரு கணினி, நான்கு இளைஞர்கள் இருந்தால் வானொலி தயார். மலேசியாவில் தமிழ் இணைய வானொலிகள் இப்படித்தான் முளைக்கின்றன. பல வாடவும் செய்கின்றன. கேட்பவர் பக்கம் ஒரு கணக்கு: நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 29 மெகாபைட், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு மூன்றரை ஜிகாபைட். வரம்பில்லா டேட்டா வைத்திருப்பவருக்கு இது தூசு. முன்கட்டணச் சிம் வைத்திருக்கும் பாட்டிக்கு அப்படியல்ல. ஒலிபரப்புவோர் பக்கம் கணக்கு தலைகீழ்: எஃப்எம்மில் ஒரு நேயர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான், இணையத்தில் நேயர் கூடக் கூடச் செலவும் கூடும். சிறு நிலையம் வெற்றி பெற்றால் அபராதம் கட்டுவது போன்ற ஏற்பாடு இது.

விளம்பரத்தில் இணையத்துக்கு ஒரு வலு உண்டு. மாசாயில் உள்ள துணிக்கடைக்குத் தேசிய நிலையத்தில் விளம்பரம் செய்வது வீண்; பினாங்குக்காரர் தீபாவளிச் சேலைக்கு மாசாய் வரப்போவதில்லை. கட்டணமும் எட்டாது. செயலி வழியே கேட்பவரின் வட்டாரத்துக்கு ஏற்ப விளம்பரத்தை மாற்றிச் செருகும் தொழில்நுட்பம் உள்ளது. கடைக்காரர் ஜொகூர் பாரு நேயருக்கு மட்டும் காசு கொடுக்கலாம். ஆனால் அந்தக் காசு கோலாலம்பூர் நிலையத்தின் பெட்டிக்கே போகும் என்றால், ஜொகூரின் விளம்பர வருமானம் இன்னும் சுலபமாக வெளியேற ஒரு குழாய் பதித்ததாகிவிடும். இன்று அந்தக் கடைக்காரர் பேஸ்புக்குக்குக் கொடுக்கும் விளம்பரக் காசு நாட்டைவிட்டே வெளியேறுகிறது. இரண்டுக்கும் மாற்று, அந்தக் காசை வாங்கிக்கொண்டு மாசாய்ச் செய்தியும் சொல்லும் ஒரு நிலையம்.

வெளிநாடுகளின் அனுபவம் ஒரே திசையைக் காட்டவில்லை. நார்வே 2017-இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை மாவட்டம் மாவட்டமாக நிறுத்திய முதல் நாடு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெரும்பாலான சிறு உள்ளூர் நிலையங்களை அது எஃப்எம்மிலேயே தொடரவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-இல் எஃப்எம்மை விட்டு விலகியது. கையோடு நேயர்களையும் பெருமளவில் இழந்தது. தனியார் எஃப்எம்மையும் 2026 இறுதியில் நிறுத்தும் திட்டத்துக்கு அங்கே 2025-இல் நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. வானொலியில் பழக்கம்தான் சந்தை. பழக்கத்தை அறுத்தால் நேயர் அடுத்த வானொலியைத் தேடாமல் ஸ்பாட்டிஃபைக்கு நடந்துவிடுவார்.

பிரிட்டனின் கதையில் இரண்டு பக்கங்கள். டிஏபி அலைவரிசைகள் நாடெங்கும் பெருகிய அதே காலத்தில், ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் உள்ளூர் நிகழ்ச்சி விதிகளைத் தளர்த்தியது. 2019-இல் பெரிய வணிக வானொலிக் குழுமம் ஒன்று பல ஊர்களின் காலை நிகழ்ச்சிகளை மூடிவிட்டு லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சியைத் தந்தது. அலைவரிசை கூடியது, ஊர் குறைந்தது. மறுபக்கம், ஆஃப்காமின் பொறியாளர் ரஷீத் முஸ்தஃபா 2012-இல் பிரைட்டன் நகரில் ஒரு பரிசோதனை செய்தார். சாதாரணக் கணினி, மலிவான டிரான்ஸ்மிட்டர், இலவச மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டே ஒரு நகரத்துக்கு மட்டுமான சிறு டிஏபி தொகுதியை இயக்க முடியும் என்று காட்டினார். 2015-இல் பத்து நகரங்களில் சோதனை நடந்தது. 2019-இல் சட்டம் வந்தது. 2021 முதல் உரிமங்கள் வழங்கப்பட்டன. இன்று பிரிட்டனில் பல ஊர்களில் சமூக வானொலிகளும் சிறுபான்மை மொழி வானொலிகளும் இந்தச் சிறு தொகுதிகளில் ஏறியிருக்கின்றன. மாநிலம் அளவுக்குப் பெரிய தொகுதியின் கட்டணச் சிக்கலுக்கு இது நேரடித் தீர்வு.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2009-இல் பெருநகரங்களில் டிஏபி பிளஸ் தொடங்கியபோதே, வணிக வானொலிகள் ஏறும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்பதில் இரண்டு பங்கைச் சமூக வானொலிகளுக்குச் சட்டப்படி ஒதுக்கியது. 18 நிலையங்கள் ஏறும் தொகுதியில் இது நான்கு இடம். ஜொகூரில் நான்கு இடம் என்றால் மலாய், சீனம், தமிழ், ஒராங் அஸ்லி மக்களின் மொழிகள் என்று பகிர்ந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட ஒதுக்கீடு இல்லாமல் டிஜிட்டலுக்குப் போவதைவிட, இருக்கும் எஃப்எம்மை ஒழுங்காக நடத்துவது நல்லது.

ஊருக்கு வானொலி பயன்பட டிஜிட்டல் கட்டாயமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் பாம்பன் சாட்சி. ராமேசுவரம் தீவில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கான சமூக வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதை மீனவர் பேச்சிலேயே சொல்கிறது. அறிவிப்பாளர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. குறைந்த திறன் டிரான்ஸ்மிட்டர், சிறிய ஸ்டூடியோ. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 2004-இல், இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலியாகச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் தொடங்கியிருந்தது. இவற்றைச் சாத்தியமாக்கியது, சமூக வானொலிக்கென்று இந்திய அரசு தனி உரிம வகையை உண்டாக்கியதுதான். மலேசியாவில் செர்டாங்கின் புத்ரா எஃப்எம் போன்ற பல்கலைக்கழக நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் மெர்சிங்கின் மீனவர் சங்கமோ குளுவாங்கின் தமிழ் இளைஞர் மன்றமோ போய் விண்ணப்பிக்கத்தக்க எளிய வகை ஒன்று நடைமுறையில் இல்லை. ஸ்கூடாயின் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாரிட் ராஜாவின் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரைட்டனில் ஒருவர் கணினியில் செய்து காட்டியதை அங்கே ஒரு செயல்திட்டமாகவே செய்துவிடலாம், அனுமதிதான் வேண்டும்.

ஜொகூருக்குப் பொருந்தும் ஏற்பாடு இவற்றிலிருந்து ஓரளவு உருவாகிவிடுகிறது. எஃப்எம்மை நிறுத்தத் தேதி குறிக்கக் கூடாது. வெள்ள மாநிலத்தில் அது பாதுகாப்புச் சாதனம். டிஏபி பிளஸ் வருமானால் மாநிலத்துக்கு ஒரு பெரிய தொகுதியோடு மாவட்ட அளவிலான சிறு தொகுதிகளையும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி அனுமதிக்க வேண்டும். உள்ளூர் நிகழ்ச்சி என்பதன் பொருளை உரிமத்திலேயே எழுத வேண்டும்: ஜொகூரில் உள்ள ஸ்டூடியோ, ஜொகூரில் சம்பளம் வாங்கும் செய்தியாளர், நாளுக்கு இத்தனை மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து வரும் பாட்டுகளுக்கு நடுவே ஜொகூர் பாரு வானிலையைப் பதிவுசெய்து செருகுவதை உள்ளூர் நிகழ்ச்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தமிழைப் பொறுத்தவரை, டிஜிட்டலுக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. ஜொகூர் பாருவில் ஆர்டிஎம்முக்கு ஏற்கெனவே ஸ்டூடியோவும் ஆட்களும் உண்டு. மின்னலின் தென் மாநிலக் கோபுரங்களுக்கு மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஜொகூரிலிருந்தே தமிழில் பிரித்து ஒலிபரப்புவது தொழில்நுட்ப ரீதியில் புதுமையல்ல. மலாய் மொழியில் மாநில நிலையங்கள் நாள்முழுக்கச் செய்யும் வேலை அது. ஒரு தயாரிப்பாளர், இரண்டு செய்தியாளர்கள், சிகாமட்டிலும் குளுவாங்கிலும் பகுதிநேர நிருபர்கள் இருந்தால் தொடங்கலாம். அந்த ஒரு மணி நேரம் நேயர்களைச் சேர்த்துக் காட்டினால், பின்னாளில் டிஏபி தொகுதியில் தமிழுக்கு இடம் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. கேட்கும் பழக்கம் இல்லாத சேவைக்கு அலைக்கற்றை கேட்பது, ஆள் இல்லாத கூட்டத்துக்குப் பந்தல் போடுவதாகிவிடும்.

மிச்சமிருப்பது எல்லைப் பிரச்சினை. தென் ஜொகூரின் வானம் நெரிசல் மிக்கது. ஒரு பக்கம் சிங்கப்பூர், மறுபக்கம் இந்தோனேசியாவின் பாத்தாம். எஃப்எம் பட்டையில் புதிய அலைவரிசை ஒன்றைக் கண்டெடுப்பது குதிரைக்கொம்பு. டிஏபி இயங்கும் விஎச்எஃப் பட்டையில் அனலாக் தொலைக்காட்சி காலிசெய்த இடம் உண்டு, ஆனால் அங்கும் ஜொகூர் பாருவில் ஏற்றும் டிரான்ஸ்மிட்டர் சிங்கப்பூரில் கேட்கும், சிங்கப்பூரில் ஏற்றுவது இங்கே கேட்கும். மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளும் அலைவரிசைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ள ஃபாக்ஸ்மாப் என்ற குழுவை வைத்திருக்கின்றன. இந்தோனேசியாவோடு தனியே பேச வேண்டும். சிங்கப்பூர் டிஏபியைக் கைவிட்டிருப்பதால் இப்போது அதற்கு அந்தப் பட்டையில் வானொலிக்கு அவசரமில்லை. ஜொகூருக்கு மாவட்டத் தொகுதிகளைக் கேட்டு வாங்க இதைவிட வசதியான நேரம் வாய்ப்பது அரிது. அந்தப் பேச்சுக்கு எடுத்துப்போகும் பட்டியலை எம்சிஎம்சி தயாரிக்கிறது. மாநில அரசு தன் தேவையை எழுதித் தராவிட்டால், அந்தப் பட்டியலில் ஜொகூர் முழுவதும் ஒரே கட்டமாகவே இருக்கும்.